நுனிக்காம்புகள்

கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. நான் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அழுத்தமானி இருநூறு மீட்டர் என்று காட்டிக்கொண்டிருந்தது.

இருநூறு மீட்டர் என்பது கடலின் ஆழம். நாங்களோ கடலுக்கு மேலே, பின்னால் வரும் புயலுக்குப் பயந்து தூத்துக்குடியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தோம். ஆனாலும் எனக்கு எதிரே இருந்த இரும்புக் கூண்டுக்குள் அந்த ஆழத்தின் அழுத்தம் அப்படியே அடைபட்டிருந்தது. உள்ளே நாலு பேர். கடலடியில் நீரோட்டத்தில் சுற்றி மின்சாரம் எடுக்கும் விசிறிகளைப் பழுது பார்ப்பவர்கள். அங்கேயே ஒரு வீடு கட்டி, ஹீலியம் கலந்த காற்றை அடைத்து, மாதக்கணக்கில் ஆட்களைக் குடிவைத்திருக்கிறது எங்கள் கம்பெனி. புயல் வருகிறது என்றதும் அவர்களை அதே அழுத்தத்தோடு மேலே எடுத்துக் கப்பலின் கூண்டில் வைத்துவிட்டோம். அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, வெளிக்காற்றுக்குச் சமமாக்கிய பிறகுதான் கதவைத் திறக்க முடியும். அவசரப்பட்டுத் திறந்தால் சோடா பாட்டிலைத் திறந்த கதைதான். ரத்தம் நுரைத்துப் போகும்.

அழுத்தத்தை இறக்கும் வால்வு என் கையில் இருக்கிறது. நான் நம்பிராஜன். இந்த முள்ளைப் பார்த்துப் பார்த்தே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பது என் மனைவி பேச்சியின் கருத்து. கூண்டுக்குள் இருக்கும் நாலு பேரில் ஒருவன் அவளுடைய தம்பி, இசக்கிதுரை.

முன்பெல்லாம் இந்த ஆழத்திலிருந்து ஓர் ஆளை வெளியே கொண்டுவர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். இப்போது ரத்தத்தில் குமிழ் வராமல் தடுக்கும் ஊசி வந்துவிட்டது. போட்டுக்கொண்டால் ஒரே நாளில் வெளியே வந்துவிடலாம். கூண்டு இரண்டு வேண்டும் என்று கப்பல் கட்டும்போதே சொன்னோம். அதுதான் ஊசி இருக்கிறதே, இரண்டாவது எதற்கு என்று ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒரே கூண்டு என்றால் நாலு பேருக்கும் ஒரே அழுத்தம். ஒருவனுக்கு வேகம், இன்னொருவனுக்கு நிதானம் என்று பிரித்துக் கொடுக்க வழியில்லை.

அன்று காலையில் கோமதிநாயகம் அண்ணாச்சிக்கு வயிற்றுவலி வந்தது. அவர்தான் உள்ளே இருப்பவர்களுக்குத் தலைவர். மதியத்துக்குள் வயிறு பலகையாக இறுகி, காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்தார். எங்கள் கப்பலின் டாக்டர் ஹில்டா மோத்தா, கூண்டின் கண்ணாடி வழியே உள்ளே இருந்த எட்வினிடம் அங்கே அமுக்கு, இங்கே அமுக்கு என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"குடல்வால் வெடிச்சிருச்சு நம்பிராஜன். நாளைக்குள்ள ஆபரேஷன் டேபிள்ல இருக்கணும்."

"நாலு பேருக்கும் ஊசி போட்டாச்சு டாக்டரம்மா. துறைமுகத்துல ஆம்புலன்ஸ் நிக்கும். வால்வைத் தொறந்துரட்டா?"

"ஒரு நிமிஷம் பொறுங்க."

அவர் அறைக்குப் போய் ஒரு சின்னப் பெட்டியோடு திரும்பினார். அதைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. அது மூச்சைக் கேட்கும் கருவி. குழாயில் வாயை வைத்துச் சும்மா மூச்சு விட்டால் போதும். அது 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரத்தை நுரையீரலுக்குள் அனுப்பி, திரும்பி வருவதை அளந்து ஓர் எண்ணைக் கொடுக்கும். எண் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. விதிப்படி இது தேவையே இல்லை. வேலைக்கு ஆட்களை எடுக்கும்போது, இழுத்து 'ஃபூ' என்று ஊதச் சொல்லும் பரிசோதனை ஒன்று போதும். டாக்டர் தானாக வாங்கி வைத்திருந்தார்.

சாப்பாடு அனுப்பும் சின்னத் துவாரம் வழியாகக் கருவி உள்ளே போனது. எட்வின் ஊதினான். ஒன்றுக்குக் கீழே. அடுத்தவன் சாகுலுக்கும் அப்படியே. வலியில் சுருண்டு கிடந்த அண்ணாச்சிக்கும் ஒன்றைத் தாண்டவில்லை. கடைசியாகத் துரை வாயை வைத்தான்.

நாலு.

"திரும்ப ஒருக்கா," என்றார் டாக்டர்.

திரும்பவும் நாலு.

"கருவி சரியில்லையோ என்னவோ," என்றேன். "அவனுக்கு ஆஸ்துமா கெடையாது டாக்டரம்மா. ஓட்டப்பந்தயத்துல கப் வாங்குனவன். ஊதுற டெஸ்ட்டுல இந்தக் கப்பல்லயே அவனுக்குத்தான் முதல் மார்க்கு."

"ஆஸ்துமா இல்லதான். அலர்ஜி இருக்கு இல்ல?"

இருக்கிறது. எங்கள் வீட்டில் அவனுக்குத் தும்மல் துரை என்று பேர். காலையில் எழுந்தால் தெருவே எழுந்துகொள்கிற மாதிரி தும்முவான். நான் பேச்சியைப் பெண் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, பள்ளிக்கூடப் பையனாக இருந்த இவன் உள்ளேயிருந்து ஓங்கித் தும்ம, எழுந்த அத்தனை பேரும் சகுனம் சரியில்லை என்று திரும்ப உட்கார்ந்து இன்னொரு காப்பி குடித்தோம். வேலைக்கு எடுக்கும்போது 'ஆஸ்துமா உண்டா' என்று கேட்டார்கள், 'இல்லை' என்றான். அது பொய்யில்லை. தும்மலை யார் நோய் என்று சொல்வார்கள்?

"முருங்கைக்கீரை ஆஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"இந்த நேரத்துல என்னம்மா கீரை?"

"நுரையீரலும் அந்த மரம் மாதிரிதான். அடிமரம், கிளை, சின்னக் கிளை, கடைசியில இலையைப் பிடிச்சிருக்கிற நுனிக்காம்பு. ஊதுற டெஸ்ட்டு மரத்தைப் பிடிச்சு உலுக்குற மாதிரி. கிளை எல்லாம் நல்லா ஆடும். நுனிக்காம்பு வீங்கிப் போயிருந்தா அதுல தெரியாது. அலர்ஜி மூக்கோட நிக்கும்னு எல்லாரும் நெனைக்காங்க. சில பேருக்கு அது சத்தமே இல்லாம காம்பு வரைக்கும் இறங்கிரும். இளைப்பு வராது, இருமல் வராது, ஒண்ணும் தெரியாது."

"தெரியாட்டி என்ன கஷ்டம்?"

"தரையில இருந்தா ஒரு கஷ்டமும் இல்ல. இங்க அழுத்தம் கொறையக் கொறைய உள்ள இருக்கிற காத்து விரியும். வெளிய போற காம்பு அடைஞ்சிருந்தா, விரியுற காத்து எங்க போகும்?"

எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். பலூனை அளவுக்கு மீறி ஊதினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

"ஊசி?"

"ஊசி ரத்தத்துக்கு. மாட்டிக்கிட்ட காத்துக்கு ஊசி கெடையாது. மெதுவா விட்டா, அடைச்ச காம்பு வழியாவும் கொஞ்சங் கொஞ்சமா கசிஞ்சு வெளிய வந்துரும். மருந்து குடுத்து வீக்கத்தையும் கொறைக்கலாம். ஆனா அதுக்கு நாள் வேணும்."

அண்ணாச்சிக்கு நாள் இல்லை.

பேசுகிற குழாய் திறந்தே இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஹீலியத்தில் எல்லாரும் வாத்து மாதிரிதான் கத்துவார்கள். குரலைத் திருத்தித் தரும் பெட்டி ஒன்று என் மேசையில் இருக்கிறது. அதில் துரையின் குரல் வந்தது. "ரெண்டு வாரமாத்தான் அத்தான் தும்மல் சாஸ்தி. பூஜை போட்டதுலேருந்து."

"என்ன பூஜை?" என்றார் டாக்டர்.

ஆயுத பூஜை. எந்தப் பட்டறையிலும் அன்றைக்கு இயந்திரத்துக்குப் பொட்டு வைத்து மாலை போடாமல் இருக்க மாட்டார்கள். கடலடி வீட்டிலும் அப்படித்தான். ஆனால் அங்கே காற்றில் பிராணவாயு அவ்வளவு குறைவு. தீக்குச்சி கிழித்தாலும் பற்றாது. கற்பூரம் காட்ட முடியவில்லையே என்ற மனக்குறையில் அண்ணாச்சி பூவையாவது நிறையப் போடுவோம் என்று கேட்டு வாங்கினார். நாலு பேர் உயிரையும் காப்பாற்றுவது காற்று சுத்திகரிக்கும் இயந்திரம்தானே என்று, இருந்த மாலையிலேயே பெரிய செவ்வந்தி மாலையை அதன் வாயில், வடிகட்டிக்கு இந்தப் பக்கம், சுத்தமான காற்று வெளியே வரும் இடத்தில் கட்டினார். போட்ட மாலையைக் கழற்றும் வழக்கம் எந்தப் பட்டறையிலும் கிடையாது. அது காய்ந்து சருகாகித் தானாக உதிரும். அப்படி உதிர்ந்த மகரந்தத்தை இயந்திரம் இரவும் பகலும் வீடு முழுக்க ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. மற்ற மூன்று பேரையும் அது ஒன்றும் செய்யவில்லை.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே அண்ணாச்சியும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது கண்ணாடி வழியே தெரிந்தது.

சென்னை அலுவலகத்திலிருந்து தினகர் சார் திரையில் வந்தார். கடல்பணிகள் பிரிவின் தலைவர். எங்கள் கருவிகள் காட்டுகிற எண்ணெல்லாம் அவர் திரைக்கும் போகும்.

"ஏன் இன்னும் இருநூறுலயே நிக்குது?"

டாக்டர் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதற்கென்றே சிலருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் போல.

"அந்தப் பையனை மட்டும் கூண்டு வாசல்ல இருக்கிற நுழைவறையில தனியா வைக்க முடியாதா?"

"அது வழியாத்தான் சார் அண்ணாச்சியை வெளிய எடுக்கணும்," என்றேன். "வேற வாசல் கெடையாது."

"ஓகே. ஒருத்தர் நிச்சயமா செத்துடுவாரு. இன்னொருத்தருக்கு ஏதாவது ஆகலாம், ஆகாமலும் போகலாம். கரெக்டா டாக்டர்?"

"ஆகும்னுதான் நான் நெனைக்கேன்."

"நீங்க நினைக்கிறீங்க. அந்தக் கருவி நம்ம விதியிலேயே இல்ல. விதிப்படி அவர் ஃபிட். வால்வைத் திறங்க."

என் கை வால்வின் மேல்தான் இருந்தது. திருப்பவில்லை.

"நம்பிராஜன், அந்தப் பையன் உங்க சொந்தம்தானே?"

"என் மச்சினன் சார்."

"அதான் பாக்குறேன். உங்க வீட்டுப் பையனுக்காக இன்னொருத்தர் சாகணுமா? வால்வை செல்வின்கிட்ட குடுத்துட்டு நகருங்க."

செல்வின் எனக்கு அடுத்த ஆபரேட்டர். என் பின்னால்தான் நின்றான். அவன் தரையைப் பார்த்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ஆள் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் எரிச்சலுக்குக் காரணம். துரைக்குப் பதில் சாகுலோ எட்வினோ இருந்தால் என் கை இப்படி நின்றிருக்குமா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. பேச்சியின் முகம் வந்து வந்து போனது. அண்ணாச்சியின் மகள்கள் இரண்டு பேரும் என் கல்யாணத்துக்கு வந்து என் மடியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டவர்கள். அவர்கள் முகமும் வந்தது.

"தொறங்க அத்தான்," என்றான் துரை. கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "எனக்கு ஒண்ணும் ஆகாது. நல்லாத்தான இருக்கேன். அண்ணாச்சியைப் பாருங்க, மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு."

"நீ சும்மா கெட மாப்ள."

"என்னால அவுக சாகக் கூடாது. தொறங்க."

அப்போது அண்ணாச்சி தலையைத் தூக்கினார். வலியில் வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது. "ஏ நம்பி. நான் போட்ட மாலையில அவன் சாவணுமால? நீ தொறந்தேன்னா, நான் பொழைச்சு வந்து என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு எம்புள்ளைகள பாக்கது?" அதற்கு மேல் பேச முடியாமல் பலகையில் சாய்ந்துவிட்டார்.

"செல்வின்," என்றார் தினகர் சார் திரையிலிருந்து. "நீங்க எடுத்துக்கோங்க. இது ஆர்டர்."

செல்வின் ஓர் அடி முன்னால் வந்தான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். அவன் மறுபடி வந்தான். பாவம், அவனுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

"நான் உள்ள போறேன்," என்றார் டாக்டர்.

யாருக்கும் முதலில் புரியவில்லை.

"நுழைவறையில ஏறி, அதே அழுத்தத்துக்கு வந்து உள்ள போறேன். முழு ஆபரேஷன் என்னால முடியாது. மரத்துப்போற ஊசி போட்டு, வயித்துல ஒரு சின்ன வழி எடுத்துச் சீழை வடிய விட்டுட்டா, மருந்தை ஏத்தி ஒரு வாரம் ஓட்டிரலாம். அப்ப வேகம் வேண்டாம். மெதுவாவே இறக்கலாம்."

"நீங்க சர்ஜனே இல்லையே டாக்டர்," என்றார் தினகர் சார். "கடலாடுற கப்பல்ல, ஹீலியத்துல, கத்தியை எடுக்கப் போறீங்களா? அதெல்லாம் ரிஸ்க். போறதுன்னா போங்க, அவருக்கு வலி குறைய ஏதாவது குடுங்க. ஆனா அழுத்தம் வேகமாத்தான் இறங்கும். அதுல மாத்தமில்ல."

டாக்டர் உள்ளே அனுப்பியிருந்த கருவியைத் துவாரம் வழியாகத் திரும்ப வாங்கினார். குழாயை மாற்றினார். திரைக்கு முன்னாலேயே வாயில் வைத்து மூச்சு விட்டார். 'ம்ம்ம்' என்றது கருவி. எண் வந்தது.

ஐந்தரை.

துரையுடையதைவிட மோசம். என் மேசையில் வந்த அதே எண் சென்னைத் திரையிலும் வந்திருக்கும். தினகர் சார் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"என்ன இது? உங்களுக்கா?"

"எனக்குத்தான். சின்ன வயசுலேருந்து தூசி அலர்ஜி."

"இதை ஏன் சொல்லல?"

"ஆஸ்துமா இருக்கான்னுதான் சார் கேட்டாங்க," என்றார் டாக்டர். "இல்லைன்னேன்."

சொல்லிக்கொண்டே கத்தி, கையுறை, மருந்து, கருவி எல்லாவற்றையும் பைக்குள் போட்டார். பையைத் தூக்கிக்கொண்டு நுழைவறைக்குள் ஏறி, இரும்புக் கதவை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்தினார்.

"டாக்டர்! நில்லுங்க! நம்பிராஜன், அவங்களை உள்ள விடாதீங்க!"

அன்றைக்கு அந்த ஆள் இட்ட கட்டளைகளில் எதற்கும் நான் கீழ்ப்படிவதாக இல்லை. நுழைவறைக்குக் காற்றைத் திறந்துவிட்டேன். அழுத்தம் ஏறத் தொடங்கியது. ஏறுவதில் ஆபத்து இல்லை, இறங்கும்போதுதான் எல்லாம்.

தினகர் சார் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆழத்தில் வேலை செய்கிற தொழிலாளி ஒருவன் செத்தால் உள்பக்கத்தில் நாலு வரி வரும். பெண் டாக்டர், நோயாளியைக் காப்பாற்றக் கூண்டுக்குள் போனவர், கம்பெனி அவசரப்படுத்தியதால் நுரையீரல் வெடித்துச் செத்தார் என்றால் டாக்டர் சங்கம் தெருவுக்கு வரும், டிவிக்காரன் வாசலில் கூடாரம் போடுவான்.

"சரி," என்றார் கடைசியில். "மெதுவாவே வாங்க. வால்வு உங்ககிட்டயே இருக்கட்டும்." திரை அணைந்தது.

துரைக்காக அத்தனை சொல்லியும் கிடைக்காதது இது. எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகை.

கேப்டன் கப்பலின் மூக்கை அலைக்கு நேரே திருப்பி, ஆட்டம் குறைகிற மாதிரி பிடித்துக்கொண்டார். கண்ணாடி வழியே பார்த்தேன். எட்வின் அண்ணாச்சியின் காலைப் பிடித்துக்கொண்டான், சாகுல் தோளைப் பிடித்துக்கொண்டான், துரை விளக்கைப் பிடித்தான். டாக்டர் மரத்துப்போகும் ஊசியைப் போட்டுவிட்டுக் கத்தியை எடுத்தார். துரைக்குத் தும்மல் முட்டிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். மூக்கைத் தோளில் அழுத்தி, முகம் சிவக்க அடக்கினான், விளக்கு ஆடவில்லை. கடைசியில் டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். குழாய் வழியே சீழ் வடிந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார்.

வால்வைத் திறந்தேன். முள் நகர்வதே தெரியாத அளவுக்கு, மயிரிழையாகத் திறந்தேன்.

துறைமுகம் வந்து கட்டிய பிறகும் அவர்கள் உள்ளேதான் இருந்தார்கள். அண்ணாச்சிக்குக் காய்ச்சல் விட்டது. துரை தினமும் மருந்தை இழுத்துவிட்டுக் கருவியில் ஊதுவான். நாலு மூன்றரையாகி மூன்றாக இறங்கியது. பேச்சி துறைமுகத்துக்கு வந்து கண்ணாடி வழியே தம்பியைத் திட்டித் தீர்த்துவிட்டுப் போனாள்.

அப்படி ஒரு காலையில் துரை மூச்சை இழுத்துப் பிடித்து என்னவோ செய்துகொண்டிருந்தான். டாக்டர் குழாயை வாங்கி, "இப்படி இல்ல, சும்மா விடணும், பாரு," என்று தன் வாயில் வைத்து இரண்டு மூச்சு விட்டுக் காட்டினார்.

என் மேசையில் எண் வந்தது. ஒன்றுக்கும் கீழே.

கருவியில் கோளாறு என்று நினைத்தேன். ஆனால் அடுத்து துரை ஊதியதும் வழக்கம்போல மூன்று வந்தது. நான் கண்ணாடியைப் பார்த்தேன். டாக்டரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசுகிற குழாயைக் கையில் எடுத்தார்.

"வந்துருச்சா?"

"வந்துருச்சு டாக்டரம்மா. உங்களுக்கு ஒண்ணுமே இல்லையே."

"அன்னைக்குத் தொண்டையை அடைச்சுக்கிட்டு விட்டேன். அப்படி விட்டா எண் ஏறும்." திரும்பித் துரையைப் பார்த்துக்கொண்டார். "துரையோட மூச்சுக்கு அந்த ஆள் நிக்க மாட்டான்னு தெரிஞ்சுபோச்சு. என் மூச்சுக்கு நிப்பான்னு தோணுச்சு."

அன்றைக்குக் காலையில்தான் சென்னையிலிருந்து அறிவிப்பு வந்திருந்தது. இனி அந்தக் கருவிப் பரிசோதனை எல்லாருக்கும் கட்டாயம். எண் மோசமானவர்கள் கப்பலிலும் இருக்கக் கூடாது, கடலடியிலும் கூடாது. முதலில் நீக்கப்பட்டவர்கள் இரண்டு பேர்: இசக்கிதுரை, டாக்டர் ஹில்டா மோத்தா. அவர் அப்பாவும் கப்பலில் இருந்தவர். கடலைவிட்டால் தனக்கு வேறு வாழ்க்கை தெரியாது என்று அவரே என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்.

"நீங்க வெளிய வந்ததும் உண்மையைச் சொல்லிருங்கம்மா. நான் சாட்சி சொல்லுதேன்."

"சொன்னா, வேணும்னே எண்ணை ஏத்திக் காட்டலாம்னு ஆயிரும். அப்ப துரையும் நடிச்சான், மச்சான் வால்வைத் திறக்காம இருக்கதுக்குக் கூட்டு சேந்தாங்கன்னு சொல்லுவாங்க. அது போகட்டும். நாளைக்கு வேற ஒருத்தனுக்கு நாலுன்னு வந்தா எவன் நம்புவான்?"

துரை அந்தப் பக்கம் அண்ணாச்சிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான். இவர் பேசுவது அவனுக்குக் கேட்கவில்லை.

"அந்த எண்ணு சென்னைக்குப் போயிருச்சா?" என்று கேட்டார் டாக்டர்.

"அன்னைக்கு ராத்திரி புயல்ல டேட்டா லைன் அறுந்தது இன்னும் சரியாகல. இனிமே நாந்தான் மொத்தமா அனுப்பணும்."

அழிக்கச் சொல்லி அவர் என்னைக் கேட்கவில்லை. நான் அந்த எண்ணின் மேல் விரலை வைத்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அழித்தேன்.

சாயங்காலம் தினகர் சார் போனில் கூப்பிட்டார். அண்ணாச்சியைப் பற்றிக் கேட்கவில்லை. துரையின் பேரையே எடுக்கவில்லை.

"டாக்டரோட லங்ஸ் எப்படி இருக்கு? ஏதாவது முன்னேற்றம் உண்டா? சரியாயிடுச்சுன்னா அவங்களைத் திரும்ப எடுக்கறதைப் பத்தி யோசிக்கலாம்."

முள்ளைப் பார்த்தேன். இன்னும் எழுபது மீட்டர் பாக்கி. டாக்டருக்குச் சரியாகிவிட்டது என்றால், மிச்சத்தை வேகமாக இறக்கச் சொல்வார். கூண்டுக்குள் டாக்டர், ஏதோ கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே துரையின் முதுகில் காதுக்குழலை வைத்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார்," என்றேன். "இன்னும் மோசமாத்தான் இருக்கு. மெதுவாத்தான் விடணும்."